கோலாலம்பூரில் மியன்மார் அகதிகளுக்குத் துணை நிற்க வருகிறீர்களா? இறங்குவதற்கு முன் படியுங்கள்

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பறித்ததிலிருந்து, "நானும் ஏதாவது செய்யணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வருகிற இளையோர் நின்றபாடில்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைக் கையில் எடுத்த பிறகு, 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களும் 18 முதல் 27 வரையுள்ள பெண்களும் எந்த நேரமும் பட்டாளத்துக்கு இழுக்கப்படலாம் என்றாகிவிட்டது. அதற்குத் தப்பி ஓடிவருகிறவர்களில் ஒரு பகுதியினர் நம் ஊருக்கும் வந்து சேர்கிறார்கள்.

இந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வோர் அலுவலகமாக அலைந்து, ஒவ்வொரு கவுன்டராக நின்றுதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். மலேசியக் குடிமகனாக இருக்கிறவர் தீபகற்பத்தில், குறிப்பாகக் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் வேலை செய்யப்போகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

1. யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்துக்கு அகதியும் ஒன்றுதான், அனுமதி இல்லாமல் நுழைந்த வேறு எவரும் ஒன்றுதான். பிடிபட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 வரை பிரம்படி என்று சட்டம் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் சந்திக்கும் மனிதர்களை நான்கு வகையாகப் பாருங்கள்.

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை, அதாவது எல்லாரும் சொல்கிற யூஎன் கார்டு, கையில் இருப்பவர். பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர், இவரிடம் ஒரு கடிதம் இருக்கலாம், அதுவும் இல்லாமல் இருக்கலாம். எந்தத் தாளும் இல்லாதவர். அப்புறம், கடப்பிதழும் வேலை பெர்மிட்டும் வைத்திருக்கும் மியன்மார் தொழிலாளி. இந்தக் கடைசி ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அவர் கடப்பிதழைப் புதுப்பிக்க ராணுவ அரசின் தூதரகத்துக்குத்தான் போயாக வேண்டும். தூதரக வாசலில் கோஷம் போட்ட படம் ஒன்று வெளியே வந்தால் அவர் பிழைப்பே போகும்.

நீங்கள் இந்த நான்கிலும் இல்லை. உங்களைப் பிடித்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், அவர்களைப் பிடித்தால் தடுப்பு முகாம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் வருகின்றன. கையெழுத்து, முகம், அடையாளக் கார்டு எண் எதைக் கொடுக்க வேண்டி வந்தாலும் அது உங்களுடையதாக இருக்கட்டும்.

2. சமூகக் குழு வழியாகப் போங்கள்

சின், ரோஹிங்யா, கச்சின், கரேன், மோன், ஷான் என்று ஒவ்வோர் இனத்தாருக்கும் இங்கே சொந்த அமைப்புகள் இருக்கின்றன. பல அமைப்புகள் ஒரு ஃபிளாட் வீட்டின் முன்னறையில் இயங்குகின்றன. அங்கே போய் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அரிசி மூட்டையோடு நேரே போய் நிற்க வேண்டாம்.

மொழி விஷயத்தில் கவனம். மியன்மாரிலிருந்து வந்தவர் என்றால் பர்மிய மொழி பேசுவார் என்று எண்ணிவிடாதீர்கள். ரோஹிங்யா மூதாட்டி ஒருவருக்கு அது சுத்தமாகத் தெரியாமல் இருக்கலாம். சின் மக்களுக்குள்ளேயே ஊருக்கு ஊர் மொழி மாறும். இன்னொன்றும் உண்டு: இனங்களுக்கு இடையே பழைய கசப்புகள் இருக்கின்றன, ராணுவம் செய்த கொடுமையை ஒருவர் சொல்லும்போது மொழிபெயர்க்க உட்காருகிறவர் யார் என்பது அவருக்குப் பெரிய விஷயம். ஆளை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பாலியல் வன்கொடுமை பற்றிய பேச்சு என்றால் பெண் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை பொறுங்கள். குடும்பத்தில் மலாய் தெரிந்த பிள்ளை இருக்கிறதே என்று பத்து வயதுப் பிள்ளையை நடுவில் உட்காரவைக்காதீர்கள்.

3. ஒரு குடும்பத்துக்கு ஒரு கோப்பு

என் அனுபவத்தில் அதிகப் பலன் தந்த வேலை இதுதான். பிளாஸ்டிக் கோப்பு ஒன்று, நகல் எடுக்கக் கொஞ்சம் சில்லறை, பொறுமையாக ஒரு மாலை நேரம். செலவு இருபது ரிங்கிட்டைத் தாண்டாது.

கோப்பில் வைக்க வேண்டியவை: மியன்மார் அடையாள அட்டை, குடும்பப் பட்டியல், பிறப்பு, திருமணச் சான்றுகள், தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ கொடுத்த கடிதங்கள், யூஎன் கார்டு அல்லது கடிதம், மருத்துவச் சீட்டுகள், தடுப்பூசிப் புத்தகம், கைது ஆணை, ராணுவ அழைப்பாணை போல ஏதாவது இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுங்கள். மூலத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள், ஓர் இரவுகூட உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரோஹிங்யா குடும்பத்திடம் மியன்மார் அடையாள அட்டை கேட்டு வற்புறுத்தாதீர்கள். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது, இல்லாத தாளைக் கேட்டுக் கேட்டு அவர்கள் நொந்து போயிருக்கிறார்கள்.

பெயர்தான் பெரிய பொறி. பர்மியப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரும் மகன் பெயரும் ஒட்டுறவே இல்லாமல் இருக்கலாம். ஊ, டோ, கோ, மா என்று முன்னால் வருவது பெரும்பாலும் மரியாதைச் சொல், பெயரில் சேராது. ஆனால் இங்குள்ள பாரத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் இருக்கும், இல்லாவிட்டால் மலாயில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பொருள்படும் 'பின்', 'பிந்தி' போடச் சொல்வார்கள். எழுதுகிறவர் கைக்கு வந்தபடி பிரித்து எழுதிவிடுவார். ஒரே பெண்ணின் பெயர் கிளினிக் சீட்டில் ஒரு மாதிரி, குழந்தையின் பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, யூஎன் கார்டில் மூன்றாவது மாதிரி என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிக்கப் பல மாதங்கள் போயின.

அதனால், யூஎன் கார்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள். கார்டு இல்லாதவர் என்றால் இப்போதே ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள், கவுன்டரில் அதை நீட்டினால் போதும். பிறந்த தேதியும் அப்படித்தான். சரியான தேதி தெரியாமல் ஜனவரி 1 என்று பதிந்தவர்கள் ஏராளம். ஒரு முறை பதிந்த தேதியை அடுத்த அலுவலகத்தில் 'திருத்தி' சொன்னால் சந்தேகம் வரும்.

குழந்தை இங்கே பிறந்தால், வெளிநாட்டவர் பிள்ளை ஆனாலும் தேசியப் பதிவுத் துறையில் பிறப்பைப் பதியலாம், பதிய வேண்டும். குடியுரிமை கிடைக்காது, ஆனால் அந்தப் பிள்ளை எங்கே யாருக்குப் பிறந்தது என்பதற்கு அரசாங்கத் தாள் இருக்கும். மருத்துவமனை தரும் பிறப்பு அறிக்கையைப் பத்திரப்படுத்தி, வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே கிளம்புங்கள். கெடு தாண்டினால் வேலை பல மடங்காகும்.

4. யூஎன் பதிவு: காசு இல்லை, ஆனால் காலம் ஆகும்

அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் கோலாலம்பூர் புக்கிட் பெட்டாலிங்கில் இருக்கிறது. நேரே போய் வாசலில் நின்றால் வேலை நடக்காது, சந்திப்பு நேரம் வேண்டும். பதிவு கோரிக்கையை ஆணையத்தின் இணையத்தளம் வழியாகவோ, அவர்களோடு சேர்ந்து இயங்கும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவோ அனுப்பலாம். அனுப்பியதும் வரும் ஒப்புகையைப் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். கொடுத்த கைப்பேசி எண்ணை மாற்றினால் உடனே தெரியப்படுத்துங்கள், அழைப்பு அந்த எண்ணுக்குத்தான் வரும். ப்ரீபெய்ட் சிம் காலாவதியாகி அழைப்பைத் தவறவிடுகிறவர்கள் உண்டு, மாதம் ஒரு முறை டாப் அப் செய்து கொடுப்பதுகூடப் பெரிய உதவி.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பார்கள். மாதக் கணக்கிலும் ஆகும், வருடக் கணக்கிலும் ஆகும். நம்பிக்கை ஊட்டுவதாக நினைத்துத் தேதி எதையும் சொல்லிவிடாதீர்கள்.

பதிவு, நேர்காணல், கார்டு, புதுப்பித்தல், மூன்றாம் நாட்டுக் குடியேற்றம் (மலேசியாவிலிருந்து வேறொரு நாட்டில் குடியமர்த்துவது) எதற்கும் ஆணையம் ஒரு சென்னும் வாங்குவதில்லை. காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும், அந்தச் சமூகத்துத் தலைவரே ஆனாலும், மோசடிதான். "அமெரிக்கா கேஸ் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். அமெரிக்கா 2025 ஜனவரியிலேயே அகதிகளை ஏற்கும் திட்டத்தை நிறுத்திவைத்தது. பயண ஏற்பாடெல்லாம் முடிந்து, வீட்டுச் சாமானை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் அப்படியே நின்றுபோனார்கள். அந்தத் தவிப்பில் இருப்பவர்களைத்தான் ஏஜெண்டுகள் தேடிப் போகிறார்கள்.

நேர்காணலுக்கு முன் என்ன சொல்ல வேண்டும் என்று கதை சொல்லிக்கொடுக்காதீர்கள். நடந்ததை, தேதி ஞாபகம் இல்லாவிட்டால் இல்லை என்றே, அவர் வாயால் சொல்லட்டும். உங்கள் வேலை போகவர வண்டி, சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது.

இன்னொரு எச்சரிக்கை: ஏதோ ஒரு சான்றிதழ் வேண்டும் என்று அடைக்கலம் கேட்டிருப்பவரை மியன்மார் தூதரகத்துக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். எந்த அரசுக்குப் பயந்து ஓடிவந்தாரோ அதன் கையில் அவர் முகவரியைக் கொடுப்பதாகும், அவர் வழக்கையும் அது கெடுக்கும்.

5. மருத்துவமனை

செல்லுபடியாகும் யூஎன் கார்டு இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. 'செல்லுபடியாகும்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கார்டு காலாவதியானால் முழுக் கட்டணம், பிரசவமோ அறுவை சிகிச்சையோ என்றால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் வித்தியாசம். எனவே குடும்பத்தில் உள்ள ஒவ்வொரு கார்டின் முடிவுத் தேதியையும் உங்கள் கைப்பேசி நாள்காட்டியில் போட்டுவைத்து, சில மாதம் முன்பே புதுப்பிக்கக் கோரிக்கை அனுப்புங்கள்.

பாதி என்றாலும் அதுவும் சின்னத் தொகை இல்லை, சட்டப்படி வேலை செய்யவே அனுமதி இல்லாத மனிதர்கள் கட்ட வேண்டிய தொகை. வார்டில் சேர்க்க முன்பணம் கேட்பார்கள். கட்ட முடியாதபோது மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைக் கேட்டுப் போங்கள். தவணையில் கட்டவோ நன்கொடை நிதிக்கு எழுதவோ வழி சொல்வது அவர்கள்தான். பில் கவுன்டரில் நின்று வாதாடினால் நேரம்தான் போகும். நான் போன ஓர் அரசு மருத்துவமனையில் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது, கீழே இருந்தவர்கள் அப்படி ஒன்று இருப்பதாகவே சொல்லவில்லை.

தாள் எதுவும் இல்லாதவருக்கு இன்னும் கஷ்டம். ஆவணமில்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் காவல் துறைக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்கச் சொல்லும் 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று சுகாதார அமைச்சில் இருக்கிறது. அதற்குப் பயந்துதான் கர்ப்பிணிகள் கடைசி நேரம்வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் யோசிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், போகிற வழியிலேயே அகதிகள் ஆணையத்துக்கோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ தகவல் சொல்லிவிடுங்கள். அவசரமில்லாததற்குத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் கிளினிக்குகள் உண்டு. எது எந்தக் கிழமை திறந்திருக்கும், மொழிபெயர்ப்பாளர் எந்த நாள் வருவார் என்ற பட்டியலைச் சமூகக் குழுவிடம் வாங்கிவையுங்கள்.

6. பிடிபட்டால்

சோதனை பெரும்பாலும் இரவில்தான் வரும். தகவல் வந்ததும் நீங்கள் குறிக்க வேண்டியவை: பெயர் (கார்டில் உள்ளபடி), கார்டு எண், பிடித்த இடம், நேரம், பிடித்தது போலீஸா குடிநுழைவா, எந்த நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், உடன் பிள்ளைகள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டா. இதை அகதிகள் ஆணையத்தின் கைது அவசரத் தொலைபேசிக்குச் சொல்லுங்கள். அந்த எண்ணை இன்றைக்கே சேமியுங்கள். கார்டை அந்த இடத்திலேயே செயலி மூலம் சரிபார்க்க முடியும் என்பதால், கார்டு உள்ளவரை முதல் சில மணி நேரத்தில், காவல் நிலையத்தில் இருக்கும்போதே மீட்பதுதான் சுலபம்.

நம் கூட்டரசு அரசியலமைப்பில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அது 14 நாள். அந்த 14 நாள்தான் உங்களுக்கு உள்ள அவகாசம். முதல் நாளே வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அழையுங்கள். தடுப்பு முகாமுக்குள் போய்விட்டால், 2019 ஆகஸ்ட் முதல் அகதிகள் ஆணையத்துக்கே உள்ளே அனுமதி இல்லை. நாடு கடத்தலும் வேகமாக நடக்கும். 2021 பிப்ரவரி 23 அன்று, உயர் நீதிமன்றம் தடை போட்டிருந்தும், 1,086 பேரை லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து மியன்மார் கடற்படைக் கப்பல்களில் ஏற்றி அனுப்பினார்கள். அதனால்தான் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது என்கிறேன்.

நீங்களே அதிகாரியிடம் பணம் பேசப் போகாதீர்கள். அது குற்றம், பிடிபட்டவருக்கும் அது நன்மை செய்யாது. தாள் இல்லாதவரை உங்கள் வீட்டில் தங்கவைப்பதற்கும் குடிநுழைவுச் சட்டத்தில் தண்டனை உண்டு. அந்த முடிவை ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு எடுங்கள்.

7. பணம்

தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல் துறை உரிமம் வேண்டும். உண்டியலைத் தூக்கிக்கொண்டு இரவுச் சந்தையில் நிற்காதீர்கள். பதிவு பெற்ற சங்கமோ அறக்கட்டளையோ ஒன்றோடு சேர்ந்து அவர்கள் கணக்கில் வாங்குவது நல்லது. உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கினால், நண்பர்கள் கொடுத்த ஐம்பது ரிங்கிட்டாக இருந்தாலும், வந்தது போனது எழுதிப் பில்லோடு வையுங்கள்.

எல்லைக்கு அப்பால் பணம் அனுப்பும் ஆசை வரும். உரிமம் இல்லாமல் பணம் அனுப்பித் தருகிற உண்டியல்காரர் வழியாக அனுப்புவது சட்டவிரோதம். ஆயுதக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தால் இன்னும் பெரிய வழக்கு. இங்கே இருப்பவர்களுக்கே வாடகை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு என்று ஆயிரம் தேவை. அரசுப் பள்ளியில் சேர முடியாத அந்தப் பிள்ளைகளுக்குச் சமூகக் கற்றல் மையங்கள்தான் பள்ளி, அவற்றின் வாடகைக்கு உதவுங்கள்.

8. போராட்டம்

2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி கூட்டம் நடத்தும், கலந்துகொள்ளும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவர் கலந்துகொள்வதே குற்றம், 10,000 ரிங்கிட் வரை அபராதம். எனவே பதாகையைப் பிடிப்பது நீங்களும் உங்கள் மலேசிய நண்பர்களும். அகதிகளைத் தூதரக வாசலுக்குக் கூட்டி வராதீர்கள், "நாங்களும் வருவோம்" என்று அவர்களே சொன்னாலும். அவர்கள் பேச வேண்டும்தான், அவர்கள் கதையை அவர்களைவிட யார் சொல்ல முடியும்? அதற்கு உரிமையாளர் ஒப்புதலோடு ஒரு தனியார் மண்டபத்தையோ தேவாலயக் கூடத்தையோ பிடியுங்கள், நாடாளுமன்ற உறுப்பினரை அங்கே அழையுங்கள்.

தெருவில் கூடுவதானால், ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கூடும் நாளுக்கு 5 நாள் முன்பே அந்த வட்டாரத்தின் மாவட்டக் காவல் தலைவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதில் ஏற்பாட்டாளர் விவரம், நோக்கம், இடம், தேதி, தொடங்கி முடியும் நேரம், எத்தனை பேர், யார் பேசுவார்கள், ஒலிபெருக்கி உண்டா என்பதெல்லாம் இருக்கும். கட்டணம் இல்லை. கையால் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். இடம் எந்தக் காவல் மாவட்டத்தில் வருகிறது என்று ஒரு நாள் முன்பே போன் போட்டுக் கேளுங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டமாக இருக்கும், தப்பான நிலையத்தில் கொடுத்தால் அந்த 5 நாள் கணக்கு முதலிலிருந்து.

அறிவிப்புக் கொடுக்காததற்குத் தண்டனை விதிக்கும் பிரிவு செல்லாது என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டுவிட்டு "இனி நோட்டீஸே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அறிவிக்கும் கடமை சட்டத்தில் அப்படியே இருக்கிறது. கொடுத்துவிடுங்கள், அன்றைக்குப் போலீஸோடு பேச உங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டிடம், பெட்ரோல் நிலையம், ரயில் நிலையம் போன்றவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கூடக்கூடாது. முதல் நாளே போய் நடந்து அளந்து பாருங்கள். 15 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது, உங்கள் சொந்தப் பிள்ளையானாலும்.

மனுவைத் தூதரகம் வாங்காது என்று வைத்துக்கொண்டே போங்கள். அதே மனுவின் நகல் வெளியுறவு அமைச்சுக்கும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போகட்டும். கோரிக்கையில் நம் அரசாங்கம் செய்யக்கூடியதைக் கேளுங்கள்: திருப்பி அனுப்பாதே, தடுப்பு முகாமுக்குள் ஆணையத்தை விடு, வேலை செய்ய அனுமதி கொடு.

9. படம் எடுக்கும் முன்

ராணுவத்தைக் குறை சொன்னால் 3 ஆண்டு வரை சிறை என்று 2021-இல் மியன்மார் தண்டனைச் சட்டத்தில் 505-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இங்கே இருப்பவரின் முகம் பேஸ்புக்கில் வந்தால் அங்கே இருக்கும் அம்மா வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். முகம் மட்டும் மறைத்தால் போதாது, பின்னால் தெரியும் ஃபிளாட் பெயர், சுவரில் தொங்கும் காலண்டரில் அச்சடித்த கடைப் பெயர், பிள்ளையின் பள்ளிச் சட்டை எல்லாம் காட்டிக்கொடுக்கும். கைப்பேசியில் இருப்பிடப் பதிவை நிறுத்துங்கள். பெயர்ப் பட்டியல், கார்டு எண்களை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். ஒருவர் இன்று சம்மதித்து அடுத்த வாரம் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

10. எந்தத் தேதிக்கு எப்போது தொடங்குவது

பிப்ரவரி 1 ஆட்சிப் பறிப்பு நாள், ஆகஸ்ட் 8 1988 எழுச்சி நாள், ஆகஸ்ட் 25 ரோஹிங்யா இன அழிப்பு நினைவு நாள். இவற்றில் ஒன்றுக்கு ஏற்பாடு செய்வதானால் ஆறு வாரம் முன்பே சமூகக் குழுக்களோடு உட்காருங்கள், அந்த நாள் தங்களுக்கு வேண்டுமா என்பதையே அவர்களிடம் கேளுங்கள். மூன்று வாரம் முன்பு மண்டபமும் வழக்கறிஞரும், கூடவே கூட்டத்தைச் சுற்றிவந்து கவனித்துக்கொள்ள இரண்டு பேரும். எட்டு நாள் முன்பு காவல் துறை அறிவிப்பு, 5 நாள் என்று சட்டம் சொன்னாலும், நடுவில் சனி ஞாயிறு வரும், அவர்கள் நிபந்தனை போட்டால் பதில் எழுத நேரம் வேண்டும். முந்தின இரவு எல்லாரும் வழக்கறிஞர் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், கைப்பேசியை வாங்கிவைத்துக்கொண்டால் ஞாபகத்திலிருந்து யாருக்கும் எண் வராது. முடிந்ததும் ஒருவரும் தனியாகக் கிளம்பாமல், வீடு சேர்ந்ததும் தகவல் சொல்லச் சொல்லி, கடைசி ஆள் சேரும்வரை ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு விழித்திருங்கள்.